தோட்டத்து நத்தார்: முதல்முறை கொண்டாடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வேலை, கொழும்பிலேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். அதன் பிறகுதான் பலருக்கும் தோன்றுகிறது: நாம் சின்ன வயதில் லயத்தில் கொண்டாடிய நத்தாரை இந்தப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மாயியும் தாத்தாவும் இன்னும் இருந்தால், பார்க்க வைப்பது கடினமே இல்லை. ஆனால் 24ஆம் தேதி மாலை பையும் பலூனுமாகப் போய் இறங்கினால் நாம் விருந்தாளிகள்தான். கொண்டாடுகிறவர்களாகப் போக வேண்டுமென்றால் நவம்பரிலேயே தொடங்க வேண்டும். தோட்டக் குடும்பத்துக்குள் புதிதாக மருமகளாக, மருமகனாக வந்தவர்களும் கூடவே வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எண்ண வேண்டியது

மரமா, நட்சத்திரமா, புது உடுப்பா என்று யோசிக்க வேண்டாம். தட்டுகளை எண்ணுங்கள்.

மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் எப்போதும் சிறுபான்மைதான். தமிழகத்திலிருந்து வரும்போதே வேதத்தோடு வந்த குடும்பங்கள் சில. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாகத் தோட்டம் தோட்டமாக வந்த உபதேசிமாரின் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் சிலர். பத்து வீட்டு லயமொன்றில் இரண்டு மூன்று வீடு வேதக்காரர் வீடாக இருக்கலாம். மீதி வீடுகளிலிருந்து தீபாவளிக்கு நமக்குத் தட்டு வந்திருக்கும். நத்தாருக்கு நம் தட்டு போக வேண்டும். தைப்பொங்கலுக்கு அது திரும்பி வரும்.

அதனால் அம்மாயிக்கு ஒரு போன் போட்டு, "தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து பலகாரம் வந்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்வோம். பக்கத்து லயத்துச் சித்தப்பா வீடு, பிள்ளைக்காம்பரா ஆயா, டவுனில் கடனுக்குச் சாமான் தரும் கடைக்காரர் என்று பட்டியல் நீளும். நம் கேக்கின் அளவையும் மொத்தச் செலவையும் அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

எப்போது எதைச் செய்வது

நவம்பர் கடைசியில் கேக்குக்கான பழங்களை ஊறப்போடுவோம். டிசெம்பர் முதல் வாரத்தில் உடுப்பு. இரண்டாம் வாரத்தில் கேக் வேக வேண்டும். குடில் வேலை 15ஆம் தேதியளவில். முறுக்கும் அதிரசமும் 22, 23இல். முன்னதாகச் சுட்டால் மலைப்பனிக்கு முறுக்கு நமுத்துப்போகும். சுட்டதைப் பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதே பழைய வழக்கம். இன்றும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

எவ்வளவு செலவாகும்?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கீழே சொல்லும் அளவில் ஒரு கேக்குக்குத் தோராயமாக நாலைந்து முழுப்பேர்ச் சம்பளம், அதாவது நாலைந்து முழுநாள் சம்பளம் போய்விடும். அதில் பாதிக்கு மேல் கஜுவும் பட்டரும் பழவகையும்தான். பலகாரத்துக்கு ஒன்றரை இரண்டு நாள் சம்பளம், 25ஆம் தேதி மதியக் கோழிக்கும் அரிசிக்கும் அதே அளவு. உடுப்புக்கு எல்லை கிடையாது, நாம்தான் போட வேண்டும்.

தோட்டத்தில் பண்டிகை முற்பணம் கிடைக்கும். ஆனால் அது பிறகு சம்பளத்தில் பிடிபடும், ஜனவரியில் கொப்பிச் செலவும் சேர்ந்து நிற்கும். முற்பணத்தை எடுத்து உடுப்பு வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் நவம்பர்க் கையை அம்மாயிக்கு ஒதுக்கச் சொல்லி, மாதப் பணத்தை நாம் அனுப்புவது நல்ல வழி. அதற்கு வருடத் தொடக்கத்திலேயே பேசிவைக்க வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் கஜு, பிளம்ஸ், சுல்தானாவை மட்டும் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வாங்கி அனுப்பினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். முட்டையும் ரவையும் ஊரிலேயே வாங்குவோம்.

கேக்: வேலையில் பாதி இதுதான்

இலங்கையின் நத்தார் கேக் மாவில் செய்வதல்ல, ரவையில் செய்வது. பெரிய அளவில் செய்தால் இருபத்தைந்து முட்டை போகும். முதல்முறை என்பதால் நாம் பாதி அளவு எடுப்போம்: ரவை, பட்டர், சீனி, கஜு, பிளம்ஸ், சுல்தானா, பூசணி தோசி, சௌசௌ தோசி ஒவ்வொன்றும் 250 கிராம். இஞ்சிப்பாகு 100 கிராம், செரி 100 கிராம். முட்டை மஞ்சள் கரு 12, வெள்ளைக் கரு 6. தேன், ரோஸ் வாட்டர், வெனிலா, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய் அளவாக. சிறு துண்டாக வெட்டினால் எழுபது எண்பது தேறும்.

பழங்களைப் பொடியாக நறுக்கிப் பிரண்டி விட்டு, போத்தலில் இறுக மூடி இரண்டு வாரம் வைப்போம். பிரண்டி வேண்டாம் என்றால் தேனும் ரோஸ் வாட்டரும் சேர்த்து, சுடுவதற்கு முதல்நாள் ஊறவைத்தால் போதும். அதிக நாள் வைத்தால் புளித்துவிடும்.

சுடுகிற நாளில் ரவையை லேசாக வறுத்து, சூட்டோடு பட்டரில் பிசைந்து ஒதுக்கி வைப்போம். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளுக்கும் வரை அடித்து, அதில் ரவை, பிறகு பழம், கஜு, வாசனைச் சாமான். வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும், அகப்பையை மெதுவாகத் திருப்பித் திருப்பி. இந்த இடத்தில் பிள்ளைகளை அருகில் உட்காரவையுங்கள். சட்டியை வழித்துத் தின்னும் உரிமை யாருக்கு என்ற சண்டை தோட்டத்து நத்தாரின் பிரிக்க முடியாத பகுதி.

லயக் காம்பராவில் கேக் சுட அவன் கிடையாது. அந்தக் காலத்தில் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பேக்கரிக்கு நடந்தார்கள். இப்போது முச்சக்கரவண்டி இருக்கிறது, மற்றபடி முறை அதுவேதான். காலைப் பாண் வெந்து முடிந்த பிறகு போறணையில் தணிந்த சூடு நிற்கும், ரவைக் கேக்குக்கு வேண்டியதும் அதே தணிந்த சூடுதான். தட்டின் அடியில் பழைய பத்திரிகைத் தாளை நாலைந்து மடிப்பாக விரித்து, மேலே பட்டர் தடவிய ஒயில் பேப்பர் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி கருகும். தட்டின் பக்கத்தில் வீட்டுப் பெயரை எழுதி ஒட்ட மறக்க வேண்டாம். வீட்டில் மின் அவன் இருந்தால் 150 பாகையில் சுமார் இரண்டு மணி நேரம்.

ஆறியதும் வெட்டாமல் சுற்றி ஒரு வாரம் வைத்தால் ருசி கூடும். 23ஆம் தேதி வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் மடித்து, அதன் மேல் வண்ணத்தாள் சுற்றுவோம். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். ஓரத்துண்டுகள் வீட்டுக்கு.

குடிலும் மரமும்

இதில் பணத்தைப் போட வேண்டாம். சீமெந்துப் பையின் தாளைக் கசக்கிச் சாயம் பூசினால் பாறை. சரிவில் வெட்டிய மானாப்புல் கூரை. சிரட்டையில் ஈரத் துணி விரித்துப் பயறு தூவி வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் பச்சை வயல். பாசி இருக்கவே இருக்கிறது. மாதா, சூசையப்பர், இடையர் சுரூபங்கள் பெரும்பாலும் அம்மாயியின் பெட்டியில் இருக்கும். கால் உடைந்த ஆட்டை மாற்ற வேண்டாம், அதற்கும் ஒரு கதை இருக்கும். குழந்தை இயேசுவை மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் வைப்பதில்லை.

மரத்துக்கு ஒரு சைப்பிரஸ் கிளை போதும். ஆனால் தோட்டத்து மரத்தில் கைவைப்பதற்கு முன் கங்காணியிடமோ ஆபீசிலோ சொல்லிவிட வேண்டும்.

கரோல்

கோயில் வாலிபர் கூட்டம் டிசெம்பர் நடுவிலிருந்து டிவிசன் டிவிசனாகப் பாடிக்கொண்டு வரும். நாம் இரண்டு விதமாகக் கலந்துகொள்ளலாம். ஒன்று, கூடவே நடப்பது: டோர்ச், குடை, அட்டைக்கடிக்குச் சவர்க்காரமோ உப்போ கட்டாயம். மற்றது, கடைசி வீடாக நம் வீட்டை ஏற்றுக்கொள்வது. அப்படியென்றால் இருபது பேருக்கு இஞ்சித் தேநீரும் கடலையும் தயாராக இருக்க வேண்டும், உண்டியலில் போட ஒரு நோட்டும். முகமூடி போட்ட நத்தார் தாத்தாவைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அலறுவார்கள். அழட்டும், மறுவருடம் அவர்களே பின்னால் ஓடுவார்கள்.

24 இரவும் 25 பகலும்

கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலி, மற்றச் சபைகளில் பெரும்பாலும் அதிகாலை அல்லது காலை ஆராதனை. நேரத்தை ஒரு வாரம் முன்னதாகவே கேட்டுக்கொள்வோம். ஒரே பாதிரியார் பல கோயில்களுக்குப் போக வேண்டியிருப்பதால் "நள்ளிரவு" சில இடங்களில் எட்டு மணிக்கே வந்துவிடும்.

கோயிலிலிருந்து வந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி, புது உடுப்பு, பால் சோறு அல்லது பாண், பிறகு தட்டுகள்.

தட்டு கொடுக்கும் முறை

சில்வர் தட்டில் கேக் நாலு துண்டு, முறுக்கு, அதிரசம், இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழம். மேலே கைத்தறித் துணியோ வெள்ளைத் துவாயோ. பெரியவர் ஒருவர் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் அனுப்புவதே வழக்கம். "அம்மாயி குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லப் பழக்குங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சீனி, இரண்டு ரோசாப்பூ, சில வீடுகளில் பிள்ளையின் கைக்கு ஒரு நோட்டு.

கவனிக்க வேண்டியது இங்கேதான் அதிகம். டிசெம்பரில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள், திருவெம்பாவை விரதம் பிடிப்பவர்களும் இருப்பார்கள். கேக்கில் முட்டை உண்டு. அந்த வீடுகளுக்கு முறுக்கும் பழமும் மட்டும் வைத்துத் தனித் தட்டு. முஸ்லிம் வீட்டுக்குப் பிரண்டி சேராத கேக். இரண்டு வகை சுடுவது தொல்லை என்று தோன்றினால் பிரண்டியையே விட்டுவிடுங்கள். என் கட்சி அதுதான், ருசியில் பெரிய நட்டமில்லை.

பழைய நத்தார்களைக் கேட்டு வைப்பது

25ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அடுப்படியில் குந்தும் நேரம் ஒன்று வரும். போனில் பதிவைத் தட்டிவிட்டுக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டந்தான்" என்பதோடு முடிந்துவிடும். சின்னதாகக் கேட்க வேண்டும். கேக்குக்கு முட்டை யார் வீட்டுக் கோழி? சட்டை தைத்தது யார்? 1970களின் நடுவில் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்தபோது நத்தாருக்கு என்ன சமைத்தீர்கள்? மரவள்ளியா, குரக்கனா?

இன்னொரு கேள்வி: நம்மில் யார் இந்தியாவுக்குப் போனது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து போயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் நம் பெரியப்பா பிள்ளைகள் இருக்கக்கூடும். அங்கும் இங்கும் ஒரே நேரம்தான். வீடியோ அழைப்பில் இரண்டு கேக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

எப்படிப் போவது, எங்கே போவது

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளை போகும் 99 இலக்கப் பஸ் ஹல்துமுல்லையைத் தாண்டித்தான் பெரகலைக்கு ஏறுகிறது. நேராக இறங்கலாம். ரயிலில் வருவதென்றால் ஹப்புத்தளையில் இறங்கிக் கீழே வர வேண்டும். பண்டிகை நேரத்தில் ஆசனப் பதிவு திறந்த உடனேயே தீர்ந்துவிடும்.

26ஆம் தேதி பிள்ளைகளை ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போவோம். 1869இல் கட்டிய புனித அந்திரேயர் ஆலயம் வழியிலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி அடிஷம் பங்களா. சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாம் நல்ல அன்பளிப்பு.

கவனம்

டிசெம்பர் இந்தச் சரிவில் மழை மாதம். ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருந்தால் கரோலும் வேண்டாம், பயணமும் வேண்டாம். சந்தேகம் என்றால் 117க்கு அழைத்துக் கேட்கலாம்.

சில வருடங்களில் உந்துவப் போயா நத்தாரை ஒட்டி வரும். 2023இல் மறுநாளே வந்தது. போயாவில் இறைச்சிக்கடை பூட்டு. கலண்டரைப் பார்த்துக் கோழியை முன்னதாகச் சொல்லிவையுங்கள்.

பேக்கரிக்காரரிடம் இப்போதே ஒரு நாள் கேட்டு வாங்கிவிடுங்கள். டிசெம்பர் 20 தாண்டினால் போறணையில் நம் தட்டுக்கு இடம் இருக்காது.