லேபிள் கிழித்த டப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே அத்தையும் நானும் நலம். நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். உன்னைக் காட்டிக்கொடுக்க அல்ல, பயந்துபோய்த்தான் பேசினாள். அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் பையில் லேபிள் கிழித்த டப்பா ஒன்று இருந்ததாம். கேட்டதற்கு, "புரோட்டீன்தாம்மா, புது கோச் கொடுத்தார், ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு மீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்" என்றாயாம். அவருடைய கேம்ப்புக்குப் போவதா, இங்கேயே காலேஜ் கிரவுண்டில் பழைய சாரிடம் தொடர்வதா என்று இந்த மாசத்துக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். போனில் கூப்பிட்டால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவு உன்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஓட்டம், உன் வாழ்க்கை. நான் நினைப்பதை மட்டும் முழுசாகக் கேட்டுக்கொள்.

புரோட்டீன் என்றால் அதன் லேபிளை ஏன் கிழிக்க வேண்டும்? மீட்டுக்கு முன்னால் ஏன் நிறுத்த வேண்டும்? அத்தை ஊறவைத்துக் கொடுக்கிற கொண்டைக்கடலையை எந்தக் கோச்சாவது போட்டிக்கு முன்னால் நிறுத்தச் சொல்லியிருக்கிறாரா? நிறுத்தினால் உடம்பை விட்டுப் போய்விடும் என்கிற கணக்கும் தப்பு. நான்ட்ரோலோன் போன்ற எண்ணெய் ஊசியின் தடயம் மாதக்கணக்கில் சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். எடுத்த மாதிரியைப் பத்து வருஷம் வரைக்கும் வைத்திருந்து மறுபடி சோதிக்கவும் விதியில் இடம் உண்டு.

கோமதி மாரிமுத்துவை உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாய். திருச்சிப் பக்கம் முடிகண்டத்துப் பிள்ளை. அப்பா இல்லாத வீடு, பஸ் வசதி இல்லாத ஊர். அங்கிருந்து கிளம்பி 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியது. தமிழ்நாடே கொண்டாடியது. மே மாசமே செய்தி வந்துவிட்டது, நான்ட்ரோலோன் என்று. அதற்கு முன்பே, மார்ச்சில் பாட்டியாலா ஃபெடரேஷன் கப்பில் எடுத்த மாதிரியிலும் அதே மருந்து இருந்திருக்கிறது. அந்த முடிவு நேரத்தோடு வந்திருந்தால் அந்தப் பிள்ளை தோஹாவுக்கே போயிருக்காது. நாலு வருஷத் தடை, பதக்கமும் போயிற்று. தெரியாமல் நடந்தது என்று அது சொன்னது எடுபடவில்லை. முப்பது வயசில் நாலு வருஷம் என்றால் ஓடுகிறவர்களுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தனலட்சுமியும் திருச்சிதான். 2021இல் பாட்டியாலா ஃபெடரேஷன் கப்பில் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தியது. 200 மீட்டரில் பி.டி. உஷா 1998இல் வைத்த போட்டிச் சாதனையை உடைத்தது. அடுத்த வருஷம் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப இருந்த நேரத்தில் ஸ்டெராய்டு சோதனையில் சிக்கியது. மூன்று வருஷத் தடை.

இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் ஊர் பேசியதை நானும் கேட்டேன். அவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த மருந்து யார் வழியாக வந்தது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. பாப்பா, இத்தனை காலமாக என் மனசில் கிடந்து அறுப்பது இது ஒன்றுதான்.

நாடா, அதாவது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அதிகாரிகள் வந்தால் என்ன நடக்கும் என்று உன் கோச் சொல்லியிருக்கிறாரா? ஓடி முடித்ததும் ஒரு பெண் வந்து உன்னிடம் கையெழுத்து வாங்குவார். அதன்பிறகு அவர் கண்ணை விட்டு நீ நகர முடியாது. சிறுநீர் கொடுக்கும்போதும் எதிரிலேயே நிற்பார். குறைந்தது 90 மில்லி வேண்டும். பாட்டில் பெட்டியை நீயே தேர்ந்தெடுத்து, ஏ, பி என்று இரண்டிலும் நீயே ஊற்றி, நீயே மூட வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் என்னென்ன மருந்து, பவுடர் சாப்பிட்டாய் என்று படிவத்தில் நீதான் எழுத வேண்டும். அப்புறம் அது டெல்லி ஆய்வகத்துக்குப் போகும். உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடினவருடையது என்பதுதான் உலகம் முழுக்க விதி. யாரோ கொடுத்தார்கள், தெரியாமல் குடித்தேன் என்றால் நிரூபிக்க வேண்டியதும் நீதான். கொடுத்தவரைத் தண்டிக்கவும் விதி இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் சாட்சி வேண்டுமே! லேபிள் இல்லாத டப்பாவுக்கு ரசீது ஏது?

2011இல் அஷ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் எல்லாரும் சிக்கினார்கள். முந்தின வருஷம்தான் டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய பிள்ளைகள். கோச் சீனாவில் வாங்கிவந்து கொடுத்த ஜின்செங்கில்தான் கோளாறு என்றார்கள். அந்த உக்ரைன் கோச் யூரி ஒகோரோத்னிக்கை விளையாட்டு அமைச்சர் பதவி நீக்கினார். பிள்ளைகளுக்கு இங்கே கொடுத்த ஒரு வருஷத் தடையைச் சர்வதேச நடுவர் மன்றம் இரண்டு வருஷமாக்கியது. கோச்சோ சில வருஷத்தில் மறுபடியும் இந்தியத் தொடர் ஓட்ட அணிக்கே பயிற்சி கொடுக்க வந்துவிட்டார்.

உன் சின்ன மாமா கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். வீட்டில் யாரும் முழுசாகப் பேசுவதில்லை. ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் கபடியில் அவனைப் போல ரெய்டு போகிற ஆள் கிடையாது. ஒரு ஃபைனலுக்கு முந்தின நாள் முட்டி வீங்கிக் கிடந்தது. அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் யாரையோ கூட்டிவந்து முட்டியில் ஊசி போடவைத்தார். வலி தெரியவில்லை, ஆடினான், ஜெயித்தார்கள். அடுத்தடுத்த மாட்சுக்கும் அதே ஊசி. கடைசியில் போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு வந்தபோது அவனால் கிரவுண்டை ஒரு சுற்றுக்கூட ஓட முடியவில்லை. மில் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஊசி போடவைத்தவருக்கு மாலை, பொன்னாடை, மேடையில் இடம் எல்லாம் கடைசிவரை குறையவில்லை. உன் தாத்தா அந்த மனுஷனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டார். "உங்க பையன் சம்மதிச்சுத்தானே போட்டுக்கிட்டான்" என்று பதில் வந்தது. தாத்தா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் யாரிடமும் பேசவில்லை. உன் கையில் டப்பா என்று உன் அம்மா சொன்னபோது எனக்கு அந்தப் பதில்தான் காதில் விழுந்தது.

எல்லாரும்தான் போடுகிறார்கள் என்று கேம்ப்பில் சொல்லுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. 2024இல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260 சிக்கியிருக்கின்றன. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு அதிகாரிகள் வந்தார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலுக்கு ஒரே ஒரு பையன்தான் கோட்டில் வந்து நின்றான். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்று கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதில் விழுகிறார்கள். அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். உன் அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்பதை நீ பார்த்து வளர்ந்தவள். சீக்கிரம் அவளை உட்காரவைக்க வேண்டும் என்று உனக்கு இருக்கத்தான் செய்யும்.

பெண்பிள்ளை உடம்பில் இந்த மருந்து செய்வதை அத்தை உன்னிடம் தனியாகப் பேசுவாள். ஒன்று மட்டும் நான் சொல்கிறேன். குரல் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது.

ஆகவே இரண்டு வழியையும் நன்றாக யோசி. கேம்ப்பில் சிந்தெடிக் டிராக் இருக்கிறது, நல்ல சாப்பாடு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இங்கே மண் டிராக்தான், விடிகாலையில் ஐயனார் கோயில் ரோட்டில் ஓட்டம்தான். ஆனால் பழைய சார் உன் கையில் கொடுத்த எல்லாவற்றுக்கும் லேபிள் இருந்தது. கேம்ப்புக்குத்தான் போவேன் என்றால் போ, தடுக்க மாட்டேன். போவதற்கு முன்னால் அந்தக் கோச்சிடம் ஒரு தாளில், இந்தப் பொருளை நான்தான் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். போட்டுக்கொடுத்தால் நானே வந்து உன்னைக் கேம்ப்பில் விட்டுவிட்டு வருகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

டப்பாவைத் தூக்கி எறியாதே, இனிமேல் தொடவும் செய்யாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டு வா. சளி, இருமல் வந்தாலும் கடையில் நீயாக சிரப் வாங்காதே. கிரிக்கெட் ஆடுகிற பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாசத் தடை விழுந்தது இருமல் சிரப்பில் இருந்த டெர்பூட்டலினால்தான். டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே "நான் ஸ்போர்ட்ஸ் ஆள், டோப் டெஸ்ட் உண்டு" என்று சொல். தடை செய்த மருந்து கட்டாயம் வேண்டியிருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கவும் வழி இருக்கிறது.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபம் உன் மேல் துளிகூட இல்லை கண்ணு. மாநிலப் போட்டியில் கடைசி நூறு மீட்டரில் நீ வந்த வேகத்தைப் பார்த்து நான் கேலரியில் எழுந்து நின்று கத்தியது உனக்குத் தெரியாது. அந்த வேகம் எந்த டப்பாவிலிருந்தும் வந்ததில்லை, உன்னுடையது. மெடல் வந்தாலும் வராவிட்டாலும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எங்கள் வீட்டு ராணி நீதான். சின்ன மாமாவும் உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடு. அத்தை பால்கோவா வாங்கிவைப்பாள், டயட் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. பழைய ஸ்பைக்ஸ் அடி தேய்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். பென்ஷன் வந்ததும் புதுசு வாங்கிவிடலாம். உன் சைஸ் ஆறா ஏழா என்று மட்டும் போனில் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா