காரில் அமர்ந்து காணும் திரையரங்கும் இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வாடிக்கையாளர் காரை விட்டு இறங்காமலேயே வேண்டியதைப் பெறும் வணிக முறைக்கு 'டிரைவ்-இன்' என்று பெயர். சென்னையில் 1962 முதல் 2008 வரை இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் சிற்றுண்டி கார் நிற்கும் இடத்திற்கே வந்தது. உணவைக் கொண்டுவரப் பரிமாறுபவர் போதும். ஆனால் திரைப்படத்தைக் காருக்குள் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது.

அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகருக்கு அருகே, ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 ஜூன் 6 அன்று இத்தகைய திரையரங்கு ஒன்றைத் திறந்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார்.

முதற் சிக்கல், பார்வை. முன்னே நிற்கும் காரின் கூரை, பின்னே இருப்பவருக்குத் திரையை மறைக்கும். எனவே தரையை வரிசை வரிசையாக மேடாக்கினார். முன்சக்கரங்கள் மேட்டில் ஏறியதும் கார் சற்று அண்ணாந்து நிற்கும். பார்வைக்கோடு முன் காரின் கூரைக்கு மேலாகத் திரையை அடையும்.

இரண்டாவது சிக்கல், ஒலி. தொடக்கத்தில் ஒலிபெருக்கிகள் திரையருகே இருந்தன. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். திரையிலிருந்து 102 மீட்டர் தொலைவில் நிற்கும் காரை ஒலி அடைய 0.3 நொடி ஆகும். ஒளியோ கண்ணிமைக்குமுன் வந்துவிடும். ஆற்றின் மறுகரையில் துணி துவைப்பவரைக் கவனியுங்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். ஓசை பிறகே கேட்கும். அதுபோல் நடிகரின் உதடு அசைந்த பின்னரே சொல் வந்து சேரும். ஒலியைக் கூட்டினால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையே தவிர, தாமதம் குறையாது.

தீர்வு யாது? ஒலியை மின்குறிகையாக்கிக் கம்பி வழியே அனுப்பி, ஒவ்வொரு காரின் சன்னலிலும் ஒரு சிறு ஒலிபெருக்கியை மாட்டினர். பிற்காலத்தில் பண்பலை ஒலிபரப்பைக் கார் வானொலியே பெற்றுக்கொண்டது. தாமதம் மறைந்தது.

ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1958 அளவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 டிரைவ்-இன் திரையரங்குகள் இருந்தன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "ஒலி எவ்வளவு வேகமாகப் போனால் நமக்கென்ன?" என்று என் தந்தையார் கேட்பதுண்டு. அந்த வேகத்தை அறிந்தவர்க்கே பின்வரிசையில் காசு கொடுத்து அமர்ந்தவரின் குறை விளங்கும். விளங்கினால்தான் அதைத் தீர்க்க முடியும். இதுவே அவருக்கு நான் சொல்லும் விடை.