முதல் மாத்திரைக்கு அவசரம் வேண்டாம்

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் பிள்ளை மாட்டியிருக்கிறான் என்று தெரிந்ததும், அறையில் வைத்துப் பூட்டிவிடும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சில நாள் நிறுத்திய உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து அதே அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். டபென்டடால் என்ற வலி மாத்திரை, ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு மருந்து இருக்கிறது. அதன் பெயர் புப்ரினார்ஃபின்.

முதல் வேலை, மனநல மருத்துவரைப் பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். எதை, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தான் என்பதோடு குடி, தூக்க மாத்திரை பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்டிருந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனைகளும் தேவை.

அடுத்தது காத்திருப்பது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டு, அங்கே புப்ரினார்ஃபின் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தள்ளப்பட்ட ஓபியாய்டின் அளவுக்கு அது வேலை செய்யாது. அதனால் போதை இறங்குமுன் போட்டால், வலியும் வாந்தியும் ஒரேயடியாகத் தாக்கும். ஹெராயினுக்குக் குறைந்தது 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மெத்தடோன் என்ற ஓபியாய்டுக்கு இன்னும் கூடுதல். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் ஆளையும் பாருங்கள்: அடுக்கடுக்காகக் கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்மணி, கையில் புல்லரிப்பு, கால் உளைச்சல். இவை நன்றாகத் தெரிந்த பிறகே மருத்துவர் முதல் மாத்திரையைத் தருவார்.

ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டு, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது, பேசவும் வேண்டாம். விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீணாகும். முழுவதும் கரைய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம். கரைந்தபின் வாய் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம். இல்லையேல் நாளடைவில் பல் கெடக்கூடும்.

முதல் நாள் பெரும்பாலும் 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்கி, நிலையைப் பார்த்து மருத்துவர் கூட்டுவார். உளைச்சலும் ஏக்கமும் அடங்கி, மயக்கமில்லாமல் வேலைக்குப் போக முடிந்தால் அதுவே சரியான அளவு.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று சொந்தபந்தம் கேட்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இந்த மருந்து தேவைப்படும். “நல்லாயிட்டான்” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதை மருத்துவரே படிப்படியாகச் செய்யட்டும். கர்ப்பிணியாக இருந்தால் திடீரென நிறுத்துவது குழந்தைக்கும் ஆபத்து.

மருந்து எடுக்கும் நாட்களில் மதுவும், மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். யாராவது எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவானால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனியுங்கள்.