கடலுக்கடியில் ஒரு வகுப்பறை

நுழையும்முன்

ஆசிரியர் வாய் திறந்து பேசாமலேயே பாடம் நடத்தும் வகுப்பறை ஒன்று உண்டு. அங்குக் கரும்பலகை இல்லை, இருக்கைகள் இல்லை. மாணாக்கர் செய்யும் சிறு பிழையும் அவர் உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். அத்தகைய வகுப்பறையில் ஆசிரியராக விரும்புவோர் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

தீவும் கடலும்

அந்தமான் தீவுக்கூட்டத்தின் தலைநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சுவராஜ் தீவு. 2018ஆம் ஆண்டு வரை இது ஹேவ்லாக் தீவு என வழங்கப்பட்டது. கரையை அடுத்த கடலில் பவளப்பாறைகளும் அவற்றிடையே வாழும் பலவண்ண மீன்களும் நிறைந்துள்ளன. எனவே, ஸ்கூபா முக்குளிப்புக்கு இந்தியாவில் பெயர்பெற்ற இடமாக இத்தீவு விளங்குகிறது. முக்குளிக்கக் கற்கவும், பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெறவும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளைஞர்கள் இங்கு வருகின்றனர்.

மூச்சடக்கியோரும் மூச்சுவிடுவோரும்

முக்குளித்தல் தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை முத்துக்குப் புகழ்பெற்றது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர், கல்லின் துணையால் விரைந்து மூழ்கி, மூச்சை அடக்கியவாறு சிப்பிகளைத் திரட்டினர். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து அசைவு தெரிந்ததும் அவர் இழுத்தாக வேண்டும். அவரை நம்பியே மற்றவர் கடலில் இறங்குவார்.

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் காஞ்ஞான் என்னும் பொறியாளரும் இணைந்து, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவியை உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று, வாயில் கவ்வும் ரெகுலேட்டர் வழியாக வேண்டும் அளவில் வந்து சேரும். உருளையில் இருப்பது தூய ஆக்சிஜன் எனப் பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அதில் அடைக்கப்படுவது நாம் நாள்தோறும் உட்கொள்ளும் காற்றேயாகும்.

முதல் விதி

முத்துக்குளித்தோர்க்கு மூச்சை அடக்குவதே முதல் திறன். ஸ்கூபா முக்குளிப்பிலோ, மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதே முதல் விதி. இம்முரணுக்குக் காரணம் நீரின் அழுத்தம்.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் 2 மடங்காகும். 20 மீட்டரில் 3 மடங்காகும். அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும். அழுத்தம் குறைந்தால் பருமன் கூடும். முத்துக்குளித்தோர் மேலே உட்கொண்ட காற்று, ஆழத்தில் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவை அடையும். ஸ்கூபா முக்குளிப்போரோ ஆழத்திலேயே காற்றை உட்கொள்கின்றனர். 10 மீட்டர் ஆழத்தில் நிரம்பிய மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முற்பட்டு நுரையீரலைக் கிழித்துவிடும்.

விரைந்து மேலெழுவதும் தீங்காகும். ஆழத்தில் நைட்ரஜன் உடலில் மிகுதியாகக் கரைகிறது. சோடாப் புட்டியைத் திடீரெனத் திறந்தால் நுரை பொங்குவதுபோல, அது உடலினுள் குமிழிகளாக மாறக்கூடும். ஆதலால் மெல்ல மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கிப் பின்னரே மேற்பரப்பை அடைவர்.

பயிற்றுநராகும் படிகள்

முக்குளிப்புப் பயிற்றுநர்களுக்கான சங்கம் ஒன்று 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு உலகெங்கும் பரவியுள்ளது. அதன் முறைப்படி, 10 அகவை நிறைந்தோர் முதற்படியைக் கற்கலாம். அடுத்து உயர்நிலைப் பயிற்சியும், அதன்பின் பிறரைக் காக்கும் மீட்புப் பயிற்சியும் அமையும். 18 அகவை நிறைந்த பின்னரே வழிநடத்துநர் ஆகலாம். பயிற்றுநர் தேர்வை எழுத, குறைந்தது 100 முறை முக்குளித்திருத்தல் வேண்டும். எழுத்துத் தேர்வில் இயற்பியல், உடலியல், கருவிகள் முதலியன பற்றி வினாக்கள் அமையும். நூற்றுக்கு 75 விழுக்காடு பெற்றால்தான் வெற்றி.

அதனினும் கடினமானது நீருக்குள் நடைபெறும் தேர்வு. உடன்வந்த தேர்வர்களே அங்கு மாணாக்கராக நடிப்பர். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, மீண்டும் தேடிப் பொருத்துவது அன்றைய பாடம் எனக் கொள்வோம். ரெகுலேட்டர் வாயில் இல்லாத வேளையிலும் மூச்சை அடக்காமல், சிறு குமிழிகளை வெளிவிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். மாணாக்கராக நடிப்பவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, குமிழி விடுவதை மட்டும் நிறுத்திவிடுவார். அப்பிழையை அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்யச் செய்திருப்பர். கற்பிப்பவர் அதை உடனே கண்டறிந்து, சைகையால் திருத்த வேண்டும். அழகிய மீன் ஒன்று கடந்து செல்கையில் பார்வை அதன்பின் சென்றால், குமிழி நின்றது தெரியாமல் போகும்.

நன்றாக முக்குளிக்கத் தெரிந்த பலரும் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. தன் மூச்சைக் காத்துக்கொள்வது ஒரு திறன்; பிறர் மூச்சின்மீது கண் வைத்திருப்பது வேறொரு திறன்.

கையும் மொழியும்

நீருக்கடியில் பேச இயலாது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் ‘நலம்’ என்பது பொருள். கரையில் பாராட்டுக்குக் காட்டும் உயர்த்திய கட்டைவிரல், கடலுக்குள் ‘மேலே செல்வோம்’ எனப் பொருள்படும். விரித்த கையைக் கழுத்தின் குறுக்கே அசைத்தால் ‘காற்று இல்லை’ என்பதாகும். பொருள் மாறிப் புரிந்துகொண்டால் இடர் நேரும்.

ஆதலால், இறங்குவதற்கு முன் கரையில் பயிற்றுநர் ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்குவார். அந்தமானில் வங்காளம், தமிழ், இந்தி, தெலுங்கு எனப் பல மொழிகள் பேசப்படுகின்றன. காது வலிக்கும் முன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும் என்பதையும், அச்சம் தோன்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தாய்மொழியில் கேட்பவரின் மனம் எளிதில் அமைதியுறும். தமிழ் அறிந்த பயிற்றுநர் ஒருவர், தமிழ் மட்டுமே அறிந்த விருந்தினருக்கு அங்குப் பெருந்துணையாவார்.

முத்துக்குளித்த காலத்துக் கயிறு இன்றில்லை. ஆயினும், கீழே இருப்பவரின் சிறு அசைவையும் கவனித்திருக்கும் ஒருவர் இன்றும் தேவைப்படுகிறார். அவரே பயிற்றுநர்.

சொல்லும் பொருளும்

முக்குளித்தல் – நீருள் மூழ்குதல்
ஊறு – தீங்கு
அகவை – வயது
பருமன் – பொருள் அடைத்துக்கொள்ளும் இட அளவு
இடர் – துன்பம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கடலுக்கடியில் 2. மூச்சடக்கி 3. இம்முரண்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உருளையில் அடைக்கப்படுவது எது?
2. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் எத்தனை மடங்காகும்?
3. உயர்த்திய கட்டைவிரலின் பொருள் கடலுக்குள் எவ்வாறு மாறுகிறது?

இ. விரிவாக விடை எழுதுக.
முத்துக்குளித்தோர் மூச்சை அடக்கினர்; ஸ்கூபா முக்குளிப்போர் அடக்கலாகாது. ஏன்?

ஈ. செயல்பாடு
உமக்கு நன்கு தெரிந்த ஒரு திறனை (மிதிவண்டி ஓட்டுதல், கோலமிடுதல் போன்றவை) உம்மினும் இளையவர் ஒருவருக்குப் பேசாமல், சைகையால் மட்டும் கற்பிக்க முயல்க. அவர் எங்குத் தவறினார், நீவிர் அதை எப்போது கண்டீர் என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.