மேட்டுக்குக் கரண்ட் ஏறாதா?

கேள்வி: குரங்கணிச் சாலையோரம் எங்கள் தோட்டம். கீழே மீட்டர் பெட்டியில் 230 வோல்ட் இருக்கிறது. 200 மீட்டர் மேலே உள்ள ஒரு எச்.பி. மோட்டார் சில நாள் சுற்றாமல் முனகுகிறது. மேடு என்பதால் கரண்ட் ஏறவில்லையா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மேடு காரணமே இல்லை. மேடு பள்ளமெல்லாம் தண்ணீருக்குத்தான்; மின்சாரத்துக்கு ஒயரின் நீளமும் கனமும்தான் கணக்கு.

உங்கள் ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் மின்தடை. போகவும் வரவும் 400 மீட்டர் ஆகிறது. ஆக ஏறக்குறைய 3 ஓம். ஓடும் மோட்டார் 7 ஆம்பியர் இழுத்தால் 21 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும். இழப்பும் அதற்கேற்பக் கூடும். முனகல் அதனால்தான். முனகினால் உடனே நிறுத்திவிடுங்கள், காயில் கருகிவிடும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே அளந்தால் அங்கேயும் 230 காட்டும். கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் இறங்காது. 'எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். மோட்டார் ஓடும்போதே இரண்டு முனையிலும் அளக்க வேண்டும்.

6 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால், ஓடும்போது இழப்பு 9 வோல்ட்டுக்குள் அடங்கும். அதற்கு முன் கெபாசிட்டரையும், துருப்பிடித்த ஜாயின்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். ஈரச் சரிவில் நீங்களே ஒயரைத் தொடாதீர்கள்.