"லிஸ்தோ" என்றால் தயாரா, புத்திசாலியா?

ஸ்பானிஷ் மொழி எக்ஸெல்லைத் திறந்தால், கீழே ஸ்டேட்டஸ் பாரின் இடது ஓரத்தில் "லிஸ்தோ" என்று இருக்கும். ஆங்கில எக்ஸெல்லில் "ரெடி" என்று வருகிற அதே இடம்தான். ஆனால் அகராதியில் தேடினால் இந்தச் சொல்லுக்குத் "தயார்", "புத்திசாலி" என்று இரண்டு பொருள்கள் கிடைக்கும். எதை எடுத்துக்கொள்வது?

முன்னால் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஈஸ்" என்று ஒரே சொல்லால் சொல்வதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள் உண்டு. "செர்" என்பது ஒருவரின் தன்மையைச் சொல்லும். "எஸ்தார்" என்பது அவர் இருக்கும் நிலையைச் சொல்லும். வாக்கியத்தில் இவை "எஸ்", "எஸ்தா" என்று மாறி வரும்.

பெத்ரோ எஸ் லிஸ்தோ – பெத்ரோ புத்திசாலி.
பெத்ரோ எஸ்தா லிஸ்தோ – பெத்ரோ தயாராக இருக்கிறார்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஸ்பெயினில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு "நான் தயார்" என்று மெயில் அனுப்ப நினைத்தேன். "எஸ்தோய் லிஸ்தோ" என்று எழுதாமல் "சோய் லிஸ்தோ" என்று எழுதிவிட்டேன். "நீங்கள் புத்திசாலி என்பதில் மகிழ்ச்சி. புரோகிராம் தயாரா?" என்று பதில் வந்தது!

இதே போல் இன்னும் சில:

• ரிக்கோ: "எஸ்" உடன் வந்தால் பணக்காரர், உணவைப் பற்றி "எஸ்தா" உடன் வந்தால் ருசியாக இருக்கிறது.
• அபுர்ரிதோ: "எஸ்" உடன் வந்தால் போரடிப்பவர், "எஸ்தா" உடன் வந்தால் போரடித்துப்போய் இருப்பவர்.

பெண்ணைக் குறிக்கும்போது "லிஸ்தோ" என்பது "லிஸ்தா" ஆகும். மெனுவில் "லிஸ்தா" என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்குப் "பட்டியல்" என்று பொருள்.

டைப் செய்யும்போது கவனிக்க: "எஸ்தா" என்பதன் கடைசி "ஏ" எழுத்தின் மேல் சாய்ந்த கோடு உண்டு. கோடு இல்லாவிட்டால் "இந்த" என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். விண்டோஸில் நம்லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடியே நம்பர் பேடில் 0225 தட்டி, கீயை விடுங்கள். கோட்டுடன் எழுத்து வந்துவிடும்.

மொழிபெயர்ப்பு சாப்ட்வேரில் ஒற்றைச் சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். வினைச்சொல்லோடு முழு வாக்கியத்தையும் கொடுத்தால்தான் சரியான பொருள் கிடைக்கும்.

பயிற்சி: சாட்டில் ஸ்பானிஷ் நண்பர் "எஸ்தாஸ் லிஸ்தோ?" என்று கேட்கிறார். உங்கள் அறிவைச் சோதிக்கிறாரா? இல்லை, "தயாரா?" என்கிறார். "சீ, எஸ்தோய் லிஸ்தோ" என்று தைரியமாகப் பதில் அனுப்புங்கள்.