கார்புரேட்டரில் கை வைக்கும் தம்பிக்கு

அம்பாசடரும் பத்மினியும் கார்புரேட்டர் வைத்த மாருதி 800-உம் இன்னும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வண்டிக்காரர் இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "மைலேஜ் கொஞ்சம் ஏத்திக் குடுப்பா." உடனே உன் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடும். கொஞ்சம் பொறு.

1. முதலில் மூன்று எண்களை மனப்பாடம் செய். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிடக் கூடினால் லீன், குறைந்தால் ரிச். நல்ல இழுவை கிடைப்பது 12.5-லிருந்து 13-க்குள். நல்ல சிக்கனம் 15.5-லிருந்து 16-க்குள். ஆக, லீன் வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது பொய்யில்லை. எல்லைதான் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது.

2. லீன் என்றாலே சூடு என்று சீனியர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. ரிச்சிலிருந்து காற்றைக் கூட்டிக்கொண்டே போனால் சூடு ஏறும், 14.7-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போகும், அதையும் தாண்டினால் இறங்கத் தொடங்கும். சமதரையில் லேசாக மிதித்து 16-இல் ஓட்டும் இன்ஜின் வெந்துபோகாது. வம்பெல்லாம் மேட்டில்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளை நிரப்பிக்கொண்டு, மிதித்த காலை எடுக்காமல் ஏறுகிறவனுக்கு 12.5 கிடைத்தாக வேண்டும். அங்கே அதிகப்படியாகப் போகும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சுகிறது. நீ மெயின் ஜெட்டைச் சிறிதாக்கி வைத்திருந்தால் 12.5 நிற்க வேண்டிய இடத்தில் 14.5 நிற்கும். உச்சச் சூட்டுக்குப் பக்கத்தில், முழு லோடில், நாக்கிங்கோடு. பிஸ்டன் தலை உருகுவதும் எக்ஸாஸ்ட் வால்வ் கருகுவதும் இப்படித்தான்.

3. டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதே. அது தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், வால்வின் சூட்டைக் காட்டாது. பிளக்கைக் கழற்றிப் பார். அதையும் ஐடிலிங்கில் ஓடிய வண்டியில் பார்த்துப் பயனில்லை. மேடு ஏறியதும் ஓரங்கட்டி, உடனே அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளம் கட்டியிருந்தால் லீன். வால்வ் சீட்டைக் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. அதன்பின் பழைய அம்பாசடர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்குவதும் உண்டு. டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதைச் சந்தேகப்படு.

4. கார்புரேட்டருக்கு முன் டைமிங். லீன் மிக்சர் மெதுவாக எரியும். ஸ்பார்க்கும் தாமதமாக வந்தால், எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கும்போதும் நெருப்பு அணைந்திருக்காது. சூடு ஏறும், இழுவை போகும், பெட்ரோலும் வீண். பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் பார்க்காமல் ஜெட்டைக் குறை சொல்லாதே.

5. 16-ஐத் தாண்டி இழுத்தால் சிக்கனம் தலைகீழாகும். மிஸ்ஸிங் வரும், கார்புரேட்டர் வழியாகப் 'பட்பட்' என்று வெடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போகும். பிக்கப் இல்லையென்று ஓட்டுகிறவர் இன்னும் ஆழமாக மிதிப்பார். மைலேஜ் எங்கிருந்து வரும்?

6. வெளியே தெரியும் மிக்சர் ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டுந்தான். அதைத் திருகி நெடுஞ்சாலை மைலேஜை ஏற்றுகிறேன் என்பவரிடம் தொழில் கற்காதே. காரின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் அதை வெளியே திருப்பினால் ரிச். பைக்கில் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் லீன். பைக் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

7. லீன் என்று தெரிந்தால் ஜெட்டுக்கு ஓடாதே. கார்புரேட்டர் அடிப் பேக்கிங், மேனிஃபோல்டு, பிரேக் பூஸ்டர் ஓஸ் எல்லாம் திருட்டுக் காற்று நுழையும் வழிகள். இன்ஜின் ஓடும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவு. ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கே. சூடான இன்ஜினில் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் ஓட்டம் நன்றானால் லீன் உறுதி. வேகத்தில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் டயாப்ரம், ஃப்ளோட் லெவல் மூன்றையும் பார்.

8. இப்போது பங்கில் வரும் பெட்ரோல் வேறு. 2025-இல் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தப் பெட்ரோலுக்கு 14.7 வேண்டாம், சுமார் 13.5 போதும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. நீ எதையும் தொடாமலேயே வண்டி சுமார் 8 விழுக்காடு லீனாகிவிடும். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். 125 போட்டால் பரப்பு சுமார் 8.5 விழுக்காடு கூடும். ஒவ்வொரு நம்பராக ஏற்றி, பிளக் பார்த்து நிறுத்து. கம்பியை விட்டு ஜெட்டைக் குடையவே கூடாது. மைலேஜ் சற்றுக் குறையும், எத்தனாலில் லிட்டருக்கு எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

9. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் ஊரில் உண்டு. எறியாதே. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, செலவு ஏறும்.

10. மைலேஜ் கேட்டு வரும் வண்டியில் முதலில் டயர் காற்றைப் பார், பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா பார், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார். கம்பெனி கொடுத்த நம்பருக்குக் கீழே ஜெட் போடச் சொன்னால், வண்டிக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் முடியாது என்று சொல்.